குசினியை எங்கே வைப்பது?

அகதிகளாக வந்தவர்கள் எழுதுகிற பக்கங்களில் வீடு வாங்கியதைப் பற்றி எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. இழந்த வீட்டைப் பற்றி எழுதினால் எவரும் குறை சொல்வதில்லை. வாங்கிய வீட்டைப் பற்றி எழுதினால் பெருமை அடிப்பதாக எடுத்துக்கொள்வார்கள். ஆனாலும் சென்ற வருடம் பாரிசின் வடக்குப் புறநகர் ஒன்றில், இருபத்தைந்து வருட வங்கிக் கடனில், பழைய கட்டடமொன்றின் மூன்றாம் மாடியில் 48 சதுர மீற்றர் வீடொன்றை வாங்கித் திருத்தத் தொடங்கியபோது எழுந்த ஒரு கேள்வி, கடன் தீர்ந்த பிறகும் என்னோடு இருக்கும் போலத் தெரிகிறது. என் வீட்டுக்குள் நான் செய்வதற்கு மற்றவரை ஏன் கேட்கவேண்டும் என்பதுதான் அந்தக் கேள்வி.

நொத்தாரிசிடம் கையெழுத்து வைத்துத் திறப்பை வாங்கிய அன்றே மனைவி குசினியைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுழித்தாள். பின்முற்றம் பார்த்த மூலையில் 4 சதுர மீற்றர் இடம். வெயில் எட்டிப் பார்க்காது. தெருப்பக்கமோ இரண்டு யன்னல்களுடன் பெரிய ஹோல்.

"இந்த மூலைக்குள்ளை நான் நிக்கமாட்டன். குசினி முன்னுக்கு வரவேணும். நீங்கள் எல்லாரும் ஹோலுக்கை இருந்து கதைக்க, நான் சுவரோடையே கதைக்கிறது?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் ஊர்களில் குசினி வீட்டின் பின்பக்கத்தில், பல வீடுகளில் தனிக் கொட்டிலாகவே இருந்தது. நெருப்புக்கும் புகைக்கும் பயந்துதான் அப்படி வைத்தார்கள் என்று சொல்லலாம். ஆனால் அது மட்டுமே காரணமில்லை. விறாந்தை ஆண்களுக்கு, அடுப்படி பெண்களுக்கு என்று ஒரு கோடு இருந்தது. அந்தக் குசினிக்குள் எந்தச் சாதிக்காரர் கால் வைக்கலாம், எவர் படலையோடு நிற்கவேண்டும் என்று இன்னொரு கோடும் இருந்தது. வீட்டின் வரைபடத்தை யாரும் கடதாசியில் கீறவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் அது மனப்பாடம்.

இது எங்களுக்கு மட்டும் உரிய கதையும் அல்ல. பாதியில் விட்ட படிப்பின் பழக்கத்தில், வீட்டுத் திருத்த வேலைக்காக நூலகத்தில் புத்தகங்களைப் புரட்டியபோது பிராங்பேர்ட் குசினியைப் பற்றி வாசித்தேன். வியன்னாவைச் சேர்ந்த மார்கரெட்டே ஷூட்டே-லிஹொட்ஸ்கி என்ற கட்டடக்கலைஞர் 1926இல் பிராங்பேர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக அதை வரைந்தார். அகலம் 1.9 மீற்றர், நீளம் 3.4 மீற்றர். ஏறக்குறைய 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. பெண் நடக்கும் அடிகளை எண்ணிக் குறைத்து, அவளுடைய நேரத்தை மீட்டுக் கொடுப்பதே நோக்கம். நாசிகளை எதிர்த்ததற்காகச் சிறையிருந்தவர் அவர், நோக்கத்தில் பழுதில்லை. ஆனால் அந்தக் குசினிக்குள் ஒரு ஆள்தான் நிற்கலாம். பெண்ணைத் தனிய விட்டுக் கதவைச் சாத்திவிட்டது என்று பின்னாட்களில் பெண்ணியவாதிகள் அதைக் குறை சொன்னார்கள். நல்ல மனதோடு கீறிய கோடும் ஒருவரை ஒதுக்கிவிடலாம் என்று அப்போது குறித்துக்கொண்டேன். அது எனக்கே பொருந்தப் போகிறது என்று தெரியவில்லை.

தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னேன். "அக்கினி மூலை எந்தப் பக்கம்?" என்று கேட்டார். திசைகாட்டியை வைத்துப் பார்த்தால் தென்கிழக்கு தெருப்பக்கந்தான். மனைவியும் சாஸ்திரமும் ஒரே பக்கம் நின்றது எங்கள் வீட்டில் அதுதான் முதல் தடவை.

போர்த்துக்கேய மேசன் ஒருவர் வந்து அளந்தார். கழிவுநீர்க் குழாய் பின்பக்கத்தில் இறங்குகிறது. குசினியை முன்னுக்குக் கொண்டுவந்தால் தண்ணீர் 7 மீற்றர் பின்னோக்கி ஓடவேண்டும். மீற்றருக்கு 2 சென்ரிமீற்றர் சரிவு என்றால் 14 சென்ரிமீற்றர். அந்த அளவுக்கு நிலத்தை உயர்த்தவேண்டும். நிலமோ பழைய மர உத்தரங்களில் நிற்பது. குழாய் எப்போதாவது கசிந்தால் கீழ்வீட்டுக் கூரைதான் முதலில் அறியும். புகை உறிஞ்சியைக் கட்டடத்தின் பொதுக் காற்றுக்குழாயில் இணைக்கக்கூடாது. இணைத்தால் எங்கள் மீன்பொரியல் வாசம் மற்ற வீடுகளுக்குள் போகும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "செய்யலாம், காசுதான் கூட" என்றார்.

சட்டத்தையும் விசாரித்தேன். 1965 ஆடி 10ஆம் திகதிச் சட்டத்தின்படி, பொதுப் பகுதிகளைத் தொடுகின்ற வேலைக்கு உரிமையாளர் கூட்டத்தின் ஒப்புதல் வேண்டும். வீட்டுக்குள் செய்வது மற்ற உரிமையாளரின் உரிமையைக் கெடுக்காதவரை எங்கள் இஷ்டம். கூட்டத்தில் ஒப்புதல் எடுப்பது கடினமாக இருக்காது என்றே பட்டது.

ஆனால் எங்கள் ஹோலுக்கு நேர் கீழே இருப்பது ஒரு அல்ஜீரிய மூதாட்டியின் படுக்கையறை. அலுவலகங்களைத் துப்புரவு செய்து ஓய்வு பெற்றவர். இரவு ஒன்பது மணிக்கே படுத்துவிடுவார். அவர் வாடகைக்கு இருப்பவர் என்பதால் உரிமையாளர் கூட்டத்தில் வாக்கு இல்லை. யாருடைய நித்திரைக்கு மேலே அடுப்பு வரப்போகிறதோ அவரை மட்டும் சட்டம் கேட்கவில்லை.

நான் போய்க் கேட்டேன். புதினாத் தேநீர் தந்தார். விசயத்தைச் சொன்னதும் சிரித்துக்கொண்டு, "உங்களுடைய வீடுதானே, மகன்" என்றார்.

அதை அனுமதியென்று எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. நான் வேலை செய்யும் ரெஸ்ரோறன்டின் குசினி நிலத்துக்குக் கீழே இருக்கிறது. மேலே சாப்பிடுகிறவருக்குக் கோப்பை கழுவும் சத்தமோ சூடோ தெரியாது. சனிக்கிழமை இன்னும் இரண்டு மணித்தியாலம் நிற்கமுடியுமா என்று முதலாளி கேட்டால் நானும் அப்படித்தான் சிரித்து, ஓம் என்கிறேன். மறுத்துப் பழக்கமில்லாதவரின் சம்மதத்தைச் சம்மதக் கணக்கில் எழுதலாமா? கேட்டவனுக்கு மனம் ஆறும். சொன்னவருக்கு எதுவும் மாறாது. நான் வேலை முடிந்து வீடு வர ஒரு மணியாகும். அதன்பிறகு சட்டியை வைத்துச் சோறு சூடாக்குவேன். அவருடைய தலைக்கு மேலே.

ஆனாலும் எனக்குள் ஒரு குரல் விடாமல் வாதாடியது. எவ்வளவு இழந்து வந்தவர்கள் நாங்கள்! ஒரு குசினியை விரும்பிய இடத்தில் வைக்கக்கூட உரிமை இல்லையா?

அந்தக் குரலை அடக்கியது அம்மா முன்பு அனுப்பிய ஒரு படம். வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் நாங்கள் வெளிக்கிட்டபோது எனக்கு நாலு வயது. அந்த வீடு உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயிற்று. 2018இல் ஒரு பகுதிக் காணிகளை விட்டபோது, மல்லாகத்தில் வாடகைக்கு இருந்த அம்மா போய்ப் பார்த்தார். கூரையில்லை, கதவு நிலைகள் இல்லை. சாமியறைச் சுவர் முழுக்கக் கரி. அங்கே தங்கியிருந்தவர்கள் அந்த அறையில் அடுப்பு மூட்டிச் சமைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது வசதியான அறையாக இருந்திருக்கும். காற்றோட்டமும் கிணற்றடிக்குக் கிட்டவும். கேட்பதற்கு ஆளில்லாத வீட்டில் அவர்களும் குசினியை இடம் மாற்றியிருந்தார்கள்.

இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். அவர்கள் கையில் ஆயுதம் இருந்தது, என் கையில் வங்கிக் கடன் பத்திரம். ஆனால் அம்மா அந்தச் சுவரைத் தொட்டுவிட்டுச் சொன்னது வீடு உடைந்ததைப் பற்றியல்ல. "ஒருத்தரும் எங்களைக் கேக்கேல்லை" என்றுதான் சொன்னார். பறிகொடுத்தவனுக்குப் பிறகு எடுத்துக்கொள்ளும் உரிமை கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது என்று நாங்கள் எல்லோரும் உள்ளூர நம்புகிறோம். இழப்பு அப்படி எந்த உரிமையையும் தருவதில்லை என்று இப்போது நினைக்கிறேன். கேட்காமல் செய்தால் எப்படி இருக்கும் என்ற அறிவை மட்டும் தருகிறது. அதையும் மறந்துவிட்டால் இழந்ததில் ஒரு பிரயோசனமும் இல்லை.

முடிவில் குசினி முன்னுக்கு வரவில்லை. பழைய குசினிக்கும் பக்கத்துச் சாமான் அறைக்கும் இடையிலிருந்த சுவர் பாரம் தாங்காத சுவர் என்று உறுதிப்படுத்திக்கொண்டு அதை உடைத்தோம். அடுப்பு மூன்று மீற்றர் நகர்ந்தது. இடம் 9 சதுர மீற்றரானது. இரண்டு பேர் நின்று கதைக்கலாம். கீழே மூதாட்டியின் குசினி; இரவு ஒரு மணிக்கு அங்கே யாரும் படுத்திருப்பதில்லை. வெயில் மட்டும் வராது.

நல்ல தீர்வு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வர்ணம் பூசி முடிந்த அன்று மனைவி சொன்னாள்: "கீழ்வீட்டு மனிசியைப் போய்க் கேட்டனீங்கள், சரி. கடைசி முடிவை என்னட்டைக் கேட்டனீங்களே? நியாயம் பாத்துப் பாத்துத் திரும்பவும் என்னைத்தானே பின்னுக்கு விட்டியள்."

என்னிடம் பதிலில்லை. ஒருவருடைய நித்திரையைக் காப்பாற்றிய செலவை நான் கட்டவில்லை. அவளுடைய வெயிலில் கட்டியிருக்கிறேன். அதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் முழுச் சமையலையும் நான் பாரமெடுத்திருக்கிறேன். அது வட்டிக்கே காணாது என்கிறாள். கணக்கு அவள் சொல்வதுதான் சரி.