மறுக்கும் உரிமையை விற்கலாமா?

ரியோ டி ஜெனிரோவின் வாஸ்கோ ட காமா கால்பந்துக் கழகம் 777 பார்ட்னர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்தின் பிடியில் இருந்தது. அந்தப் பிடியை 2024 மே மாதம் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டு விலக்கியது. கால்பந்துப் பிரிவின் 70 விழுக்காட்டுப் பங்கை 70 கோடி ரியாலுக்கு அந்நிறுவனத்திடம் கொடுக்க 2022இல் ஒப்புதல் வாக்களித்தவர்கள் கழகத்தின் உறுப்பினர்களே. நிறுவனத்தின் மீது நியூயார்க்கில் மோசடிக் குற்றச்சாட்டோடு வழக்கு வந்த பிறகுதான் கழகம் நீதிமன்றப் படியேறியது.

கடனில் மூழ்கிய கழகம் தன்னை விற்றுப் பிழைக்கலாமா? கூடாது. அதற்கு வாஸ்கோவின் வரலாறே சாட்சி.

1898இல் போர்த்துக்கீசியக் குடியேறிகள் படகுப் போட்டிக்காகத் தொடங்கிய கழகம் அது. கால்பந்தில் 1923இல்தான் ரியோவின் முதல் பிரிவுக்கு ஏறியது. அந்த ஆண்டே பட்டமும் வென்றது. வென்ற அணியில் கறுப்பர்களும் கலப்பினத்தாரும் ஏழை வெள்ளைத் தொழிலாளிகளும் இருந்தார்கள். செல்வந்தர் கழகங்களுக்கு அது பொறுக்கவில்லை. ஃப்ளமெங்கோ, ஃப்ளுமினென்ஸ், பொட்டாஃபோகோ முதலியவை புதுச் சங்கம் கண்டு, 12 வீரர்களை நீக்கினால்தான் வாஸ்கோவுக்கு இடம் என்றன. தலைவர் ஜோசே அகஸ்டோ பிரெஸ்டெஸ் 1924 ஏப்ரல் 7 அன்று கடிதம் எழுதி மறுத்தார். பெரிய கழகங்கள் இல்லாத போட்டியில் அந்த ஆண்டு ஆடவும் வாஸ்கோ துணிந்தது. மறு ஆண்டு, அதே சங்கம் அதைச் சேர்த்துக்கொண்டது. முறையான மைதானம் இல்லை என்ற குறைக்கும் ஆதரவாளர்கள் நன்கொடை திரட்டி, 1927இல் சாவ் ஜனுவாரியோ அரங்கைக் கட்டி விடை சொன்னார்கள்.

கழகங்கள் நிறுவனங்களாக மாற வழிவிட்ட பிரேசிலின் 2021ஆம் ஆண்டுச் சட்டம், பெயர், சின்னம், நிறம் ஆகியவற்றை மாற்றும்போது பழைய கழகத்தின் இசைவு வேண்டும் என்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வாஸ்கோவை வாஸ்கோ ஆக்கியது சட்டையின் குறுக்குப் பட்டை அன்று; வேண்டாம் என்று சொல்லும் உரிமை. 2022இல் கைமாறியது அந்த உரிமைதான்.

எத்தனை சிறப்புத் தருவதானாலும் குடிப்பெருமை குன்றச் செய்யும் செயலை விடச் சொன்னார் வள்ளுவர். ஆராயாமல் அயலானை நம்பினால் வழிவழியாகத் துன்பம் தொடரும் என்றும் எச்சரித்தார். பொருள் ஈட்டச் சொன்ன அவரே, அருளும் அன்பும் சேராத செல்வத்தைத் தீண்டாதே என்றார். இல்லறத்துக்கான பொருளையும் எல்லையின்றிப் பெருக்கும் பொருளையும் அரிஸ்டாட்டில் வேறு வேறாக வைத்தார். விலையுள்ளதற்கு ஈடு உண்டு, மாண்புக்கு ஈடில்லை என்றார் கான்ட். காலமும் நாடும் வேறான மூவரும் வந்து நிற்கும் இடம் ஒன்றே: பொருளுக்காக விட்டுக்கொடுக்கக் கூடாதவை உண்டு.

கடன் மெய்தான், 2008க்கும் 2020க்கும் இடையில் நான்கு முறை இரண்டாம் பிரிவுக்குச் சரிந்த கழகத்தின் தவிப்பும் மெய்தான். தவித்தவர்களைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் கடனை அடைக்கப் பங்கு விற்பது வேறு, ஆளும் உரிமையையே விற்பது வேறு. ஜெர்மனியில் சில விதிவிலக்குகள் போக, கால்பந்துக் கழகங்களின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர் கையில் இருந்தே தீர வேண்டும். முதலீடு அங்கேயும் வரத்தான் செய்கிறது. வாஸ்கோவை வாங்க நாளை எவர் வந்தாலும், உறுப்பினர்கள் முதலில் கேட்க வேண்டியது அந்தப் பாதியைத்தான், பணக்கணக்கு பிறகு.