மேஸ்திரி பக்கத்தில் இல்லாதபோது

நடவுக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடிய நம் டெல்டாவில் இப்போது மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வரும் குழுக்கள் சேற்றில் இறங்கி நாற்று நடுகின்றன. கயிறு பிடித்த மாதிரி வரிசை, நல்ல வேகம். ஊர்க்காரர்கள் எல்லோரையும் சேர்த்து ‘இந்திக்காரப் பசங்க’ என்கிறார்கள். பாதிப் பேருக்கு மேல் வீட்டில் பேசுவது வங்காளம். இந்தி நமக்கு எவ்வளவோ, அவர்களில் சிலருக்கும் அவ்வளவுதான்.

அவர்களிடம் பேச நாம் கற்றுவைத்திருப்பவை என்ன? ஜல்தி, இதர் ஆவோ, கல் ஆவோ, பஸ். அதாவது சீக்கிரம், இங்கே வா, நாளைக்கு வா, போதும். எல்லாம் வேலை வாங்குகிற சொற்கள். மற்றதெல்லாம் அவர்களைக் கூட்டிவரும் மேஸ்திரி வழியாகத்தான். போன சம்பா நடவின்போது, எங்கள் மோட்டார் கொட்டகையில் தங்கியிருந்த பையன் ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். எப்போதிலிருந்து வலிக்கிறது, என்ன சாப்பிட்டான், ஒன்றும் கேட்க முடியவில்லை. மேஸ்திரியின் செல்போன் அணைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரும் கையை ஆட்டித்தான் விசாரித்தார். இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றியதும் தெளிந்துவிட்டான். எனக்குத்தான் தெளியவில்லை. வயிற்றுவலியைச் சொல்லவே மூன்றாம் ஆள் வேண்டும் என்றால், அந்த மூன்றாம் ஆளே கூலியில் கைவைத்தால் இவன் யாரிடம் போய்ச் சொல்வான்?

இதை நம் முன்னோர் மறுபக்கத்தில் நின்று அனுபவித்திருக்கிறார்கள். தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களுக்கும் துரைக்கும் நடுவே கங்காணி இருந்தான். வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு ஆளுக்கும் அவனுக்குத் தலைக்காசு உண்டு; கடன் கணக்கும் அவன் கையில்தான். புதிதாக வந்த சின்னத்துரைகள் நாலு வார்த்தை தமிழ் பேசட்டும் என்று, 19-ஆம் நூற்றாண்டில் ஃபெர்குசன் என்பவர் கொழும்பில் ஒரு கையடக்கப் புத்தகம் போட்டார். அதன் பெயர் ‘இங்கே வா’. நம் ‘இதர் ஆவோ’வுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குப் புரியவில்லை.

வேறு மாதிரி வந்தவர்களும் உண்டு. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவுக்கு, இந்தக் கடற்கரையில் வியாபாரம் ஓடிக்கொண்டிருந்த போர்த்துகீசியமே போதும் என்று இருந்திருக்கலாம். கூட வந்த புளூட்சோ அதைத்தான் படித்தார். இவரோ சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுத்துப் பழகினார். மதம் மாற்றத்தான் வந்தார், அதை மறைக்க வேண்டாம். ஆனாலும் இந்த ஊர்க்காரர்களிடம் கேள்விகள் கேட்டு, பதில்களைக் கடிதமாகவே எழுதி வாங்கினார். 1716-இல் அவருடைய தமிழ் இலக்கணம் ஹாலே நகரில் அச்சேறியது. கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்பியவர் படித்த மொழி அது.

நாம் இலக்கணம் எல்லாம் எழுத வேண்டாம். வங்காள மொழியில் மூன்று கேள்விகள் போதும். ‘பாத் கேயேச்சோ?’ சோறு சாப்பிட்டாயா என்று அர்த்தம். அவர்களும் நம்மைப் போல் சோறு தின்கிற ஜனம். இந்தக் கேள்வி அங்கேயும் வீட்டுக்கு வீடு உண்டு. ‘கொத்தாய் பேத்தா?’ எங்கே வலிக்கிறது? மூன்றாவது, ‘கொத்தோ டாக்கா பேயேச்சோ?’ கையில் எவ்வளவு பணம் வந்தது? வயதில் மூத்தவராக இருந்தால் கேயேச்சென், பேயேச்சென் என்று மரியாதையாக முடியுங்கள்.

முதல் இரண்டையும் கேட்க யாருக்கும் சங்கடம் இருக்காது. மூன்றாவது மேஸ்திரிக்குப் பிடிக்காது. பதில் வந்தால் நில உடைமைக்காரராகிய நமக்கும் சில சமயம் பிடிக்காமல் போகலாம். அடுத்த நடவுக்கு அதையாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மேஸ்திரி டீ குடிக்கப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துக் கேளுங்கள்.