சும்மா பார்த்து வருதல்

வெளிநாட்டுக்கு உழைக்கப் போன ஒருவர், உழைப்புக்கோ வணக்கத்துக்கோ அல்லாமல், சும்மா பார்த்து வருவதற்காகப் பக்கத்து நாட்டுக்குப் போகலாமா? சின்னக் கேள்விதான். ஆனால் எமது ஊர்களில் இதற்கு ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் ஒரே பதில்தான் கிடைக்கும் என்பதால், கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கட்டாரில் எலக்ட்ரீசியனாக இருக்கும் எனது பழைய மாணவன் ஒருவன் பெருநாள் விடுமுறையில் சவூதியின் அல்-அஹ்ஸாவைப் பார்த்துவரத் திட்டம் போட்டிருக்கிறான். கூட்டாளி ஒருவரின் காரில் நான்கு பேர், இரண்டு நாள். டோஹாவிலிருந்து அபூ சம்ரா எல்லை சுமார் 100 கிலோமீற்றர். அதைத் தாண்டி இன்னும் இரண்டு மணித்தியாலம் போல ஓடினால் ஹுபூஃப் நகரம். அதைச் சுற்றி 25 இலட்சம் ஈத்த மரங்கள். யுனெஸ்கோ 2018இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த சோலை அது. ஹஜருக்கு ஈத்தம்பழம் சுமந்தவன் என்று அரபிகளிடம் ஒரு பழமொழி இருக்கிறது. கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்கிறோமே, அதுதான். அந்த ஹஜர் இந்தப் பக்கத்தின் பழைய பெயர்.

வாப்பா தொலைபேசியில் சொன்னாராம்: "கடன் முடியல்ல, தங்கச்சிட வீடு அரைவாசியில நிக்கிது. ஊர் சுத்தவா உன்ன அனுப்பின?" உம்மா கொஞ்சம் இறங்கி வந்தார்: "சவூதிக்குப் போறதெண்டா உம்றாவச் செய்திட்டு வாவன் மகன்." ஹுபூஃபிலிருந்து மக்கா ஆயிரம் கிலோமீற்றருக்கும் அதிகம் என்பது உம்மாவுக்குத் தெரியாது. "சேர், நான் போறது பிழையா?" என்று அவன் என்னிடம் கேட்டான்.

வாப்பாவின் பேச்சை இலேசாகத் தள்ளிவிட முடியாது. அவனை அனுப்புவதற்கு உம்மாவின் கழுத்திலிருந்ததும் கையிலிருந்ததும் அடகுக்குப் போயின. கடன் என்பது ஒரு வாக்கு. வாக்குக் கொடுத்தவனின் செலவை மற்றவர் எட்டிப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. ஆகவே முதலில் நான் கேட்டது, இந்த மாதக் காசு வீட்டுக்குப் போய்விட்டதா என்பதைத்தான். போய்விட்டது. பயணத்துக்கு வைத்திருப்பது மேலதிக நேர வேலையில் சேர்த்த காசு. அப்படியானால், கடன் அவனது சம்பளத்தின் மேல் மட்டும் நிற்கிறதா, அவனது கண்ணின் மேலும் நிற்கிறதா? தங்கச்சிக்கு வீடு கட்டிக் கொடுக்கும் வழக்கம் எத்தனை காக்காமாரின் இளமையைத் தின்றிருக்கிறது என்பது தனியே எழுத வேண்டிய விடயம். பதினைந்து வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். விமான நிலையம், தங்குமிடம், வேலைத்தளம் தவிர வேறொன்றையும் அவர்கள் கண்டதில்லை. என்ன கண்டாய் என்று யாரும் கேட்டதுமில்லை. என்ன கொண்டு வந்தாய் என்றுதான் கேட்டோம்.

வாசலைத் திறப்பதில் அரசுகள் வெகு காலம் எடுத்தன. கட்டாரை விட்டு வெளியே போக முதலாளியின் சம்மதம் வேண்டும் என்ற விதி பெரும்பாலான தொழிலாளருக்கு 2018இலும் வீட்டுப் பணியாளருக்கு 2020இலும்தான் நீங்கியது. 2017 ஜூனிலிருந்து 2021 ஜனவரி வரை அபூ சம்ரா எல்லையே அரசியல் பகையில் பெரும்பாலும் மூடிக் கிடந்தது. வளைகுடா நாடுகளில் வசிப்பவர் எந்தத் தொழில் செய்தாலும் சுற்றுலா வீசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று சவூதி அறிவித்தது 2023இல். அதற்கு முன்னர் அட்டையில் எழுதியிருந்த தொழிலைப் பார்த்தார்கள். மனேஜரின் கண்ணுக்கு இருந்த தகுதி மேசனின் கண்ணுக்கு இருக்கவில்லை! முதலாளியின் கையெழுத்து ஒருவாறு நீங்கிவிட்டது. வீட்டாரின் கையெழுத்துத்தான் இன்னும் வேண்டியிருக்கிறது.

1795இல் எழுதிய நூலொன்றில் கான்ட் என்ற ஜேர்மன் தத்துவவாதி, அந்நியனுக்குக் குடியிருக்கும் உரிமை இல்லாவிட்டாலும் வந்து போகும் உரிமை உண்டு என்று வாதிட்டார். பூமி உருண்டையானது, மனிதர் ஒருவரையொருவர் சகித்துத்தான் ஆகவேண்டும் என்பது அவரது நியாயம். அவர் தன் ஊர்ப்பக்கத்தை விட்டு அதிக தூரம் போகாதவர் என்பது வேறு கதை. 1948இன் மனித உரிமைப் பிரகடனம் எந்த நாட்டையும் விட்டு வெளியேறும் உரிமையைச் சொல்கிறது. இன்னொரு நாட்டுக்குள் நுழையும் உரிமையைச் சொல்லவில்லை. இரண்டிலும் அரசும் மனிதனும்தான் எதிரெதிரே நிற்கிறார்கள். வாப்பாவும் மகனும் நிற்கும் இடத்துக்கு அவை வரவில்லை.

உம்மாவின் பேச்சில் வேறொரு நுட்பம் இருக்கிறது: பயணத்துக்கு ஒரு நிய்யத் வேண்டும் என்கிறார். நல்லது. இப்னு பதூதா 1325இல் தன் ஊரை விட்டது ஹஜ்ஜுக்காகத்தான். ஹஜ் முடிந்த பிறகும் அவர் நடந்துகொண்டே இருந்தார். அப்படி நடந்தபடியால்தான் 1344இல் எமது தீவுக்கும் வந்து பாவாதமலை ஏறினார். அந்த மிச்ச வருடங்களை யாரும் வீண் என்று சொல்லவில்லையே. பார்க்க வேண்டும் என்பதே ஒரு நிய்யத்தாக இருக்க முடியாதா?

இந்த விவகாரத்தில் யாரும் அபிப்பிராயம் கேட்காத ஒருவர் அவனது ராத்தா. ஏழு வருடம் தம்மாமில் ஒரு வீட்டில் வேலை செய்தவர். அங்கிருந்து ஹுபூஃப் காரில் இரண்டு மணித்தியாலம்கூட இல்லை. அந்தத் தோட்டத்து ஈத்தம்பழம் பெட்டி பெட்டியாகக் குசினிக்கு வரும். கொட்டை நீக்கித் தட்டில் அடுக்குவது அவரது வேலை. மரத்தை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. தம்பியிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "பொய்த்து வா. குலையோட நிக்கிற மரமா ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு."