தாங்கும் வலிமைக்கு மேற்பட்ட சுமை

"வாங்கி வந்த வினை அப்படி" என்னும் சொல் நம் இல்லங்களில் எளிதாக வழங்குகின்றது. பள்ளியில் பிற பிள்ளைகளை அடித்துக் கடிக்கும் சிறுவனைக் கண்டாலும், கேட்டது கிடைக்காதபோது தரையில் தலையை மோதிக்கொள்ளும் குழந்தையைக் கண்டாலும் இதனைக் கூறிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அதன் தாய்க்கு வயது பதினெட்டோ பத்தொன்பதோதான் என்று தெரிந்தால், "சிறுபெண் பெற்ற பிள்ளை வேறு எப்படி இருக்கும்?" என்று மற்றொரு சொல்லும் சேர்கின்றது. முதற்சொல் குழந்தையின்மேல் பழி சுமத்துகின்றது. அடுத்த சொல் தாயின்மேல் சுமத்துகின்றது. இரண்டுமே சொல்பவருக்குப் பொறுப்பிலிருந்து விடுதலை அளிக்கின்றன. ஜினதர்மம் அத்தகைய விடுதலையை நமக்கு அளிக்கின்றதா என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் வினா.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரம் வேலை தேடி வந்தோரால் வளர்ந்த பகுதியாகும். 1960களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. பல மாவட்டத்தாரும் வந்து குடியேறினர். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர்களை விட்டு வந்த நம் குடும்பங்களும் அவர்களுள் உண்டு. இங்கு ஒற்றை அறை வாடகை வீட்டில், பதினேழு வயதில் தாயான ஒரு பெண்ணை எண்ணிப் பார்ப்போம். கணவனுக்கு ஷிப்டு வேலை. தாய்வீடோ தொலைவில். இரவெல்லாம் அழும் குழந்தையைக் கைமாற்றிக்கொள்ள ஆளில்லை. உறக்கமின்றிச் சோர்ந்தவள் ஒருநாள் அடிக்கிறாள். மறுநாள் அதே தவற்றுக்கு அணைத்து அழுகிறாள். எதற்கு அடி, எதற்கு அணைப்பு என்றறியாத குழந்தை, தன் விருப்பத்தை அடியாலும் கூச்சலாலும் சொல்லக் கற்றுக்கொள்கின்றது.

இது எங்கோ அரிதாக நிகழ்வதன்று. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 20 முதல் 24 வயது வரையுள்ள பெண்களுள் 18 வயதுக்கு முன்பே மணம் முடிக்கப்பட்டவர்கள் இந்தியாவில் 23.3 விழுக்காடு, தமிழ்நாட்டில் 12.8 விழுக்காடு. அதாவது, நம் மாநிலத்தில் ஏறத்தாழ எட்டுப் பேரில் ஒருவர். "நம் பெண்கள் கல்லூரிக்குச் செல்கின்றனர், இது நமக்குரிய செய்தியன்று" என்று அன்பர்கள் எண்ணலாம். நம் வீட்டில் பாத்திரம் துலக்குபவரின் மகளும், நம் கடையில் வேலை செய்பவரின் மனைவியும், மாடியில் குடியிருப்பவரும் நமக்கு அயலார் அல்லரே!

அறிவியல் என்ன கூறுகின்றது? இந்தியா, பிரேசில் உள்ளிட்ட ஐந்து நாடுகளின் தரவுகளைக் கொண்டு 2015இல் வெளியான ஆய்வு, இளவயதுத் தாய்மாரின் குழந்தைகள் எடை குறைந்து பிறப்பதும், இரண்டு வயதில் வளர்ச்சி குன்றியிருப்பதும், பள்ளிக் கல்வியை முடிக்காது போவதும் மிகுதி எனக் கண்டது. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972–73இல் பிறந்த ஆயிரத்துக்கு மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வின் முடிவு ஒன்று 2001இல் வெளியானது. இத்தகைய பிள்ளைகளுக்கு நேரும் இடர்களில் ஒரு பகுதிக்குத் தாயின் முன்னைய நிலையும், மற்றொரு பகுதிக்கு அவர்கள் வளர்ந்த குடும்பச் சூழலும் காரணம் என்று அது காட்டியது. ஆகவே தாயின் வயது மட்டுமே பிள்ளையின் குணத்தை விதிப்பதில்லை. அவ்வயதோடு சேர்ந்து வரும் வறுமை, இடைநின்ற கல்வி, துணையின்மை ஆகியவை பிள்ளையைத் தாக்குகின்றன. இவை மனிதரால் மாற்றக்கூடியவை.

நம் வினைக்கோட்பாடும் இதற்கு முரணானதன்று. திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் ஆகியவற்றைச் சார்ந்தே வினை பயன் தருகின்றது என்று ஆசாரியர்கள் விளக்கியுள்ளனர். விதை உள்ளிருப்பினும் நிலமும் நீரும் இன்றி முளைப்பதில்லை. வினை அசைக்கவொண்ணாததாயின், செறிப்பும் உதிர்ப்பும் கூறப்பட்டதன் பயன் என்ன? தன் செயலைத் தானே ஆராய்ந்து திருந்துவதற்காக அருளப்பட்ட கோட்பாட்டை, பிறர் துன்பத்தின் முன் கைகட்டி நிற்பதற்குச் சாக்காகக் கொள்வது அறமாகாது.

சீவகனின் பிறப்பை நினைவுகூர்வோம். தந்தை சச்சந்தன் கொல்லப்பட்ட நிலையில், தாய் விசயை அவனைச் சுடுகாட்டில் ஈன்றாள். இதனினும் தீய தொடக்கம் ஒரு குழந்தைக்கு உண்டோ? ஆயினும் வணிகன் கந்துக்கடனும் சுநந்தையும் அவனைத் தம் மகனாகவே வளர்த்தனர். அச்சணந்தி ஆசிரியர் கலைகளைக் கற்பித்ததோடு, பகைவன்மேல் எழுந்த சினத்தை ஓராண்டு அடக்குமாறும் பணித்தார். ஏந்திக்கொள்ளும் கைகளும், சினத்தை ஆளக் கற்பிக்கும் நாவும் கிடைத்தமையால் அக்குழந்தை சீவகன் ஆயினான்.

"நம் பாட்டிமார் பதின்மூன்றில் மணந்து நன்மக்களைப் பெறவில்லையா?" என்று கேட்போர் உளர். பெற்றனர், மறுக்கவில்லை. ஆனால் அக்கூட்டுக்குடும்பத்தில் மாமியாரும் நாத்தியும் அத்தையும் குழந்தையை மாறிமாறித் தாங்கினர். மேலும், வாழ்ந்த பாட்டிமாரே நம் நினைவில் நிற்கின்றனர். முதற்பேற்றிலேயே மாண்ட சிறுமியரைச் சொல்வார் இல்லை. அக்கொடுமையைக் கண்டே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றோர் மணவயதை உயர்த்தப் போராடினர். 1929ஆம் ஆண்டுச் சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 வயது என வகுத்தது. 1978இல் அது 18 ஆயிற்று.

இல்லறத்தார்க்குரிய கொல்லாமை அணுவிரதத்துக்குக் கூறப்படும் ஐந்து அதிசாரங்களுள் ஒன்று, தாங்கும் வலிமைக்கு மேல் சுமை ஏற்றுதல். வண்டி மாட்டின் முதுகுக்காகக் கவலைப்பட்ட சமயம் நம்முடையது. தன் உடலே வளர்ந்து முடியாத பெண்ணின்மேல் மற்றோர் உயிரின் முழுப்பொறுப்பையும் ஏற்றுதல் அவ்வதிசாரமே அன்றோ? அவள் தாங்காத சுமை, அவளிடமிருந்து குழந்தைக்கு இறங்குகின்றது. நாம் பிடிவாதம் என்றும் முரட்டுத்தனம் என்றும் காண்பது அச்சுமையின் நிழலேயாகும்.

பாவம் செய்தவரோடு முடிவதில்லை. செய்வித்தாரும் உடன்பட்டாரும் அதில் பங்குடையர் என்பது நம் நெறி. 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டமும் அவ்வாறே நடத்திவைப்பவரை மட்டுமன்றி, ஊக்குவிப்பவரையும் அதில் கலந்துகொள்பவரையும் தண்டனைக்குரியோராக்குகின்றது. அச்சட்டமே அத்தகைய மணத்தில் பிறக்கும் குழந்தையை முறைப்படியான குழந்தையாக ஏற்கின்றது. குற்றத்தைப் பெரியோர்மேல் வைத்துக் குழந்தையைக் காக்கும் நுட்பம் போற்றத்தக்கது.

எனவே சிராவக சிராவகியரின் கடமை இருவகைப்படும். அழைப்பிதழ் வருமுன் அறிந்தால் தடுக்க முயல்வது முதற்கடமை. 1098 என்னும் எண்ணுக்குச் சொன்னால் போதும். அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் 2022 முதல் உள்ளது; அதனைப் பெற்றோருக்கு எடுத்துரைக்கலாம். மணமும் மகப்பேறும் முடிந்துவிட்ட இடத்தில் பழியுரையை விடுத்துத் தோள்கொடுப்பது அடுத்த கடமை. அக்குழந்தையை நாளும் ஒரு மணிநேரம் நம் வீட்டில் வைத்துக்கொண்டால் தாய் உறங்குவாள். விட்ட படிப்பைத் தொடரவும் கூடும். அடம் மிகுந்தால் எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனைக்கு உடன் செல்லலாம். பள்ளியிலும் "கெட்ட பிள்ளை" என்னும் பெயர் ஒட்டாதவாறு ஆசிரியரிடம் பேசலாம். ஒரு பக்கம் மட்டும் கண்டு முழு உயிரையும் தீர்ப்பிடுவது அநேகாந்தத்துக்கு ஒவ்வாது.

எறும்புக்கும் வழிவிட்டு நடக்கும் நாம், எதிர்வீட்டுக் குழந்தைக்கு மடி தரத் தயங்கலாமா?

வாழ்க ஜினதர்மம்!