பெரியவர் யார், சிறியவர் யார்?

கடோபநிஷதத்தில் வாஜச்ரவஸர் என்னும் வேதியர் தம் உடைமைகள் அனைத்தையும் தானமாக வழங்கும் வேள்வி ஒன்றைச் செய்கிறார். ஆனால் தானத்திற்கென்று ஓட்டி வரப்பட்ட பசுக்களோ பால் வற்றியவை. புல்லைத் தின்னவும் நீரைப் பருகவும் வலுவிழந்தவை. அங்கே கூடியிருந்த பெரியவர்கள் எவரும் வாய் திறக்கவில்லை. அந்த வேதியரின் மகன், சிறுவன் நசிகேதன் மட்டும் வருந்தினான். தன்னை யாருக்குத் தானமாகத் தரப் போகிறார் என்று தந்தையிடம் மும்முறை கேட்டான். சினம் கொண்ட தந்தை, யமனுக்குத் தருவதாகக் கூறிவிட்டார்.

நசிகேதன் கேட்டது அடங்காமையினால் அன்று. அவனுள் சிரத்தை புகுந்தது என்றே உபநிஷதம் கூறுகிறது. தந்தையின் வேள்வி பழுதின்றி நிறைவேற வேண்டும் என்ற அக்கறையே அவனைப் பேச வைத்தது. பின்னர் யமன் மூன்று வரங்கள் தர முன்வந்தபோது அவன் முதலில் கேட்டது ஆத்ம ஞானத்தை அன்று. தந்தையின் சினம் தணிய வேண்டும், திரும்பிச் செல்லும்போது அவர் தன்னை மகனாக அடையாளம் கண்டு அன்புடன் வரவேற்க வேண்டும் என்பதே அவனது முதல் வரம். தலைமுறைகளுக்கிடையே அன்பு மீண்ட பிறகே அந்த உபநிஷதம் பிரம்ம வித்தைக்குள் நுழைகிறது.

சத்தமின்றி வெளியேறியவர்கள்

இந்தப் பழைய நிகழ்ச்சி இன்றும் பல நாடுகளில், பல சமயங்களில் நிகழ்ந்து வருகிறது. அமெரிக்காவில் 1965-ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டம் திருத்தப்பட்ட பின் ஆசிய நாடுகளிலிருந்து ஏராளமானோர் அங்கே குடிபுகுந்தனர். அவர்களுள் கொரிய நாட்டுக் கிறிஸ்தவர்கள் சென்ற இடமெல்லாம் தங்கள் திருச்சபைகளை நிறுவினர். தாய்நாட்டில் உயர்ந்த கல்வி கற்றுப் பதவிகளில் இருந்த பலர், மொழி தெரியாத அந்நிய நாட்டில் சிறு கடைகள் நடத்திப் பிழைக்க நேர்ந்தது. வெளியுலகில் இழந்த மரியாதையை அவர்கள் திருச்சபைக்குள் மீண்டும் பெற்றனர். மூப்பர் என்ற பட்டமும், வயதுக்கேற்ற வணக்கமும், தாய்மொழியின் இனிமையும் அவர்களுக்கு அங்கே கிடைத்தன. அந்தப் படிநிலை அவர்களைப் பொறுத்தவரை அகந்தை மட்டும் அன்று. காயத்திற்கு இட்ட மருந்தும்கூட.

ஆனால் அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அம்மருந்தே சுமையாயிற்று. பெரியவர்களின் வழிபாடு கொரிய மொழியில் நடந்தது. பிள்ளைகளுக்குத் தனியே ஆங்கில வழிபாடு நடந்தது. திருமணமாகிக் குழந்தைகள் பெற்ற பின்னும் அவர்கள் ‘பிள்ளைகள்’ என்றே கருதப்பட்டனர். முடிவுகள் மூப்பர்களின் கையிலேயே இருந்தன. கேள்வி கேட்பது மரியாதைக் குறைவாக எண்ணப்பட்டது. இளைஞர்கள் சண்டையிடவில்லை, ஒவ்வொருவராக வராமல் நின்றுவிட்டனர். 1990-களில் இதற்கு ‘மௌன வெளியேற்றம்’ என்றே பெயர் வழங்கலாயிற்று. கேரளத்திலிருந்து சென்ற கிறிஸ்தவக் குடும்பங்களிலும் மலையாள வழிபாட்டைப் பற்றி இதே கவலை எழுந்தது.

இது கிறிஸ்தவர்களின் பிரச்சினை மட்டும் என்று எண்ணுவதற்கில்லை. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் உதவியுடன் பிட்ஸ்பர்க் நகருக்கு அருகே 1976-ஆம் ஆண்டு ஸ்ரீவேங்கடேசுவரர் ஆலயம் எழுந்தது. அதன்பின் அமெரிக்காவின் பல நகரங்களில் ஆலயங்கள் தோன்றின. பெற்றோர்கள் சேமிப்பைக் கரைத்துக் கோபுரம் எழுப்பினர். அந்தக் கோபுரத்தின் நிழலில் வளர்ந்த பிள்ளைகள் இன்று கேட்கிறார்கள்: இந்த மந்திரத்தின் பொருள் என்ன? இதை ஏன் இப்படிச் செய்கிறோம்? பதில் தெரியாத பெரியவர் அதட்டினால், அந்தப் பிள்ளையும் ஒருநாள் சத்தமின்றி விலகிவிடுவான்.

கடல் கடக்கவும் தேவையில்லை. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பாட்டி படிக்கும் ஆன்மிக நூலைப் பேரனால் எழுத்துக்கூட்டிப் படிக்க இயலுவதில்லை. சித்தூரை எண்ணிப் பார்க்கலாம். 1911-இல் அமைந்த அம்மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்து, 1953-இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. 1960-இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி தமிழகத்திற்கு வந்தது. சத்தியவேடு ஆந்திரத்திற்குச் சென்றது. எவரும் வீட்டை விட்டு நகரவில்லை, எல்லைதான் நகர்ந்தது. பாட்டியின் ஏடு தமிழில், பேரனின் பாடநூல் தெலுங்கில் என்று ஒரே கூரையின் கீழ் இரு தலைமுறைகள் வாழ நேர்ந்தது. இத்தகைய நிலையில் பக்தி அடுத்த தலைமுறையைச் சென்றடைய வழி என்ன? அதே மண்ணில், திருமலையிலேயே அதற்கு விடை இருக்கிறது.

மலை வாயிலில் ஒரு சந்திப்பு

திருமலையில் வைணவம் செழிக்க உழைத்தவர்களுள் பலர் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களே. தமிழ் வைணவ ஆசாரியரான திருமலை நம்பி மலைமீது தங்கி, நாள்தோறும் தொலைவிலுள்ள பாபவிநாசத்திலிருந்து பெருமாளின் திருமஞ்சனத்திற்குத் தீர்த்தம் சுமந்து வந்தார். ஒருநாள் பெருமாளே வேடனாக எதிர்ப்பட்டு, ‘தாத்தா’ என்றழைத்துத் தண்ணீர் கேட்டுப் பருகி, அருகிலேயே ஆகாச கங்கையைக் காட்டியருளியதாக மரபு கூறுகிறது. அதன் நினைவாகத் திருமலையில் தண்ணீரமுது உற்சவம் கொண்டாடப்படுகிறது. எல்லோருக்கும் மூத்தவனான இறைவன் தன் அடியாரைத் தாத்தா என்றழைத்துத் தான் பேரனாக நின்றான் என்பதில் பெரியோர்கள் உருகுவது வழக்கம்.

ஸ்ரீராமானுஜர் (1017–1137) திருமலைக்கு எழுந்தருளியபோது அவர் திருவரங்கத்தில் பெரும் சீடர் குழாத்திற்குத் தலைவர். திருமலை நம்பியோ அவருக்குத் தாய்மாமன், வயதில் மூத்தவர், ஆசாரிய நிலையில் இருப்பவர். உலக வழக்கின்படி மருமகன் தேடிச் சென்று மாமனை வணங்க வேண்டும். ஆனால் திருமலை நம்பி தீர்த்தப் பிரசாதங்களைத் தாமே ஏந்தி, மலைவாயிலுக்கு வந்து அவரை எதிர்கொண்டார். பதறிப்போன இராமானுஜர், இதற்குத் தாங்களே வர வேண்டுமா, யாரேனும் ஒரு சிறியவரை அனுப்பியிருக்கலாகாதா என்று கேட்டார். நான்கு வீதிகளிலும் தேடிப் பார்த்ததாகவும், தம்மினும் சிறியவர் எவரும் கிடைக்கவில்லை என்றும் நம்பி மறுமொழி கூறினார்.

நம்பி தம் உரிமையை இழந்துவிடவில்லை. அந்த ஒரு சொல்லால் அவர் குருவினும் பெரியவராக உயர்ந்தார். அதன்பின் இராமானுஜர் மலையடிவாரத்தில் ஓராண்டுக் காலம் அவர் திருவடியில் அமர்ந்து ஸ்ரீராமாயணத்தின் உட்பொருளைப் பயின்றார். மூத்தவர் எதிரே வந்தார். இளையவர் கீழே அமர்ந்தார். இவ்விரண்டும் சேர்ந்தபோதுதான் மரபு ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறியது. ஒருவர் மட்டும் பணிந்து மற்றவர் நிமிர்ந்து நின்றிருந்தால் அது அதிகாரமாகவோ அடிமைத்தனமாகவோ முடிந்திருக்கும்.

பாத்திரம் மாறலாம், பால் மாறுவதில்லை

திருமலையில் மலர்க் கைங்கரியம் செய்ய யார் செல்வார் என்று இராமானுஜர் திருவரங்கத்தில் கேட்டபோது, குளிருக்கும் காட்டுக்கும் அஞ்சாமல் எழுந்தவர் அனந்தாழ்வான். அவர் கன்னட நாட்டைச் சேர்ந்தவர் என்பது மரபு. அவர் ஏரி வெட்டப் பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் கடப்பாரை இன்றும் திருமலைக் கோயில் வாயிலில் காணப்படுகிறது. கீழ்த் திருப்பதியில் கோயில் கொண்டிருக்கும் கோவிந்தராஜப் பெருமாளின் வரலாறும் சிதம்பரத்திலிருந்து இடம்பெயர்ந்த வரலாறாகவே போற்றப்படுகிறது. தெலுங்கு மண்ணில் உள்ள திருமலையில் மார்கழி மாதத்தில் சுப்ரபாதத்திற்குப் பதிலாக ஆண்டாளின் திருப்பாவை தமிழில் ஒலிக்கிறது.

தமிழ்ப் பாசுரங்கள் மட்டுமே உயர்ந்தவை, வேறு மொழியில் பெருமாளைப் பாடலாகாது என்று அம்மரபு கதவடைத்திருந்தால் என்னவாகியிருக்கும்? கடப்பைப் பகுதியின் தாளப்பாக்கத்தில் பிறந்த அன்னமாச்சாரியர் (1408–1503) இளம் வயதிலேயே வீட்டைத் துறந்து திருமலை வந்தடைந்தார். வைணவ ஆசாரியர்களிடம் தீட்சையும் கல்வியும் பெற்றார். ஆழ்வார்களின் பக்தியை உள்வாங்கிய அவர் வாய்திறந்தபோது அது தெலுங்குக் கீர்த்தனையாக மலர்ந்தது. பரம்பொருள் ஒன்றே, அதன்முன் உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்ற பிரிவு இல்லை என்பதை அவர் பாடியபோது எளிய மக்களும் தம் மொழியில் அதை உணர்ந்தனர். அவருடைய மகன் பெரிய திருமலாச்சாரியரும் பேரன் சின்ன திருமலாச்சாரியரும் தாங்களும் பாடல்கள் புனைந்தனர். அக்குடும்பத்தாரின் பாடல்கள் ஆயிரக்கணக்கில் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுத் திருமலையில் காக்கப்பட்டன. இருபதாம் நூற்றாண்டில் அவை அச்சேறின. மூத்த தலைமுறை புதிய மொழியை ஏற்றது. இளைய தலைமுறை பழைய செல்வத்தைக் காத்தது. பாத்திரம் மாறியது, பால் மாறவில்லை.

படிநிலை மனிதனை எளிதில் விடுவதில்லை என்பதும் உண்மை. பிறப்பால் உயர்வு தாழ்வு பார்க்கும் நோய் ஆலயங்களையும் பற்றியது; சமத்துவம் பேசிய திருச்சபைகளையும் பற்றியது. நம்பியின் மறுமொழி ஒவ்வொரு தலைமுறையிலும் மீண்டும் சொல்லப்பட வேண்டியதாகவே இருக்கிறது.

கேள்வி ஒரு வாயில்

இதே திருப்பதியில் 1896-ஆம் ஆண்டு ஒரு சிறுவன் லூத்தரன் மிஷன் பள்ளியில் சேர்ந்தான். திருத்தணியிலிருந்து வந்த அச்சிறுவனே பின்னாளில் குடியரசுத் தலைவராக உயர்ந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். கிறிஸ்தவக் கல்வி நிலையங்களில் இந்து சமயத்தைப் பற்றி எழுந்த குறைகூறல்கள் அவர் உள்ளத்தைத் தைத்தன. ஒரு கலாச்சாரம் மற்றொன்றைவிடத் தன்னை உயர்வாகக் கருதிய காலம் அது. அவர் வெறுப்பும் கொள்ளவில்லை. தம் சமயத்தைக் கைவிடவும் இல்லை. குறைகூறலைக் கேள்வியாக மாற்றிக்கொண்டு மூலநூல்களுக்குள் இறங்கினார். 1908-இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் முதுகலைப் பட்டத்திற்காக வேதாந்தத்தின் அறநெறியை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். அதைப் பாராட்டியவர் அங்கே தத்துவம் போதித்த கிறிஸ்தவப் பேராசிரியர் ஏ. ஜி. ஹாக். சமயம் வேறாயினும் மாணவனின் நேர்மையான தேடலை மதித்த அந்த ஆசிரியரும் ஒருவகையில் எதிரே வந்த பெரியவரே.

பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரின் வாழ்வில் இது இன்னும் தெளிவாக விளங்குகிறது. பணத்தைத் தொட்டால் அவர் உடல் துன்புறும் என்பதைச் சோதிக்க விரும்பிய இளைஞர் நரேந்திரர், அவருடைய படுக்கையின் அடியில் ஒரு நாணயத்தை மறைத்து வைத்தார். படுக்கையைத் தொட்டதும் பகவான் வேதனையுடன் விலகினார். உண்மை தெரிந்தபோது அவர் சினம் கொள்ளவில்லை, மகிழ்ந்தார். நாணய மாற்றுபவர் நாணயத்தைச் சோதிப்பதுபோல் குருவையும் சோதித்தே ஏற்க வேண்டும் என்று ஊக்குவித்தார். ஆங்கிலக் கல்வி பெற்ற இளைஞர்கள் தம்மைத் தேடி வரும்வரை அவர் ஏங்கிக் காத்திருந்தார். அன்று சோதித்த இளைஞரே சுவாமி விவேகானந்தராக அக்குருவின் செய்தியை உலகெங்கும் கொண்டு சென்றார்.

இளையோர்க்கும் ஒரு சொல்

குற்றம் எப்போதும் முதியவர்களிடமே என்று கொள்வதும் தவறு. சாந்தோக்கிய உபநிஷதத்தில் சுவேதகேது பன்னிரண்டு ஆண்டுகள் கற்றுத் திரும்புகிறான். எல்லாம் அறிந்துவிட்டதான செருக்கு அவன் முகத்தில் தெரிகிறது. எதை அறிந்தால் அறியாததும் அறியப்படுமோ அதைக் கற்றாயா என்று தந்தை உத்தாலகர் கேட்கிறார். அவன் விழிக்கிறான். தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்ட அந்தக் கணத்தில்தான் அவனுடைய உண்மையான கல்வி தொடங்குகிறது. தந்தையும் அவனை ஏளனம் செய்யவில்லை. ஆலம்பழத்தையும் உப்பு நீரையும் காட்டிப் பொறுமையாக விளக்குகிறார்.

பட்டப்படிப்பு முடித்த இளைஞன், பாட்டியின் வழிபாட்டை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் ஒதுக்குவது சுவேதகேதுவின் செருக்கு. பெரும் தலைவராக விளங்கிய இராமானுஜரே ஓராண்டு கீழே அமர்ந்து கேட்டார். ஒரு மரபை மறுக்கவும் முதலில் அதனை அறிய வேண்டும். அறிய வேண்டுமானால் சிலகாலமேனும் அருகில் அமர வேண்டும்.

செய்யத் தக்கவை

வாரத்தில் ஒரு நாளேனும் குடும்பத்தினர் ஒன்றாக அமர்ந்து ஒரு நல்ல நூலைப் படிக்கலாம். பேரன் தனக்குத் தெரிந்த மொழியில் படிக்கட்டும். பாட்டி தமிழில் பொருள் கூறட்டும். அதோடு அப்பிள்ளைக்குத் தமிழ் எழுத்துக்களையும் கற்றுக் கொடுப்பது, பூட்டியிருக்கும் ஒரு பொக்கிஷ அறையின் சாவியைத் தருவதற்கு ஒப்பாகும். சத்சங்கங்களில் இளைஞர்களை நாற்காலி எடுத்துப் போடவும் பஜனை பாடவும் மட்டும் அழைக்காமல், முடிவெடுக்கும் இடத்திலும் அமர்த்த வேண்டும். அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாதபோது, தெரியாது, சேர்ந்து தேடுவோம் என்று சொல்லும் துணிவு பெரியவர்களுக்கு வேண்டும். அந்த ஒரு சொல் பல உபதேசங்களைவிட ஆழமாக இளம் உள்ளத்தில் இறங்கும்.

சான்றோர் எதைச் செய்கிறாரோ அதையே மற்றவர்களும் பின்பற்றுவர் என்று கீதையில் பகவான் உணர்த்துகிறார். வணங்கக் கற்றுத் தர விரும்புபவர் முதலில் வணங்கிக் காட்ட வேண்டும். வீடானாலும், ஆலயமானாலும், திருச்சபையானாலும், அங்கே பெரியவர் என்ற பெயருக்கு உரியவர் வாயில் வரை எதிரே செல்பவரே. அத்தகைய பெரியவர்களும், அவர்முன் அமர்ந்து கேட்கும் இளையோரும் எல்லா இல்லங்களிலும் பெருக இறைவன் அருள்புரிவானாக.