மூச்சு வாங்கட்டும், எழுந்து நடங்கள்!

"மூச்சு வாங்குதுல்ல, பேசாம உட்காருங்க!" நாள்பட்ட நுரையீரல் நோயாளியிடம் வீட்டார் அன்போடு சொல்லும் இந்த வார்த்தைதான் அவரை முடக்கிப் போடுகிறது.

உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசை வற்றுகிறது. வற்றிய தசையோ சின்ன வேலைக்கும் கூடுதல் ஆக்ஸிஜன் கேட்கிறது. மூச்சு இன்னும் இரைக்கிறது. இரைக்கிறதே என்று மறுபடி உட்காருகிறோம். முதலில் மாடிப்படி கைவிட்டுப் போகும், அப்புறம் கடைத்தெரு. கடைசியில் குளியலறைக்குப் போவதே மலையேற்றம். இதற்கா அடிபணிவது?

சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் கெட்டுப்போன நுரையீரல் பழையபடி ஆகாது. அதை மறைத்து உங்களுக்கு ஊக்கம் ஊட்ட மாட்டேன். ஆனால் கால்கள்? அவை இன்னமும் உங்கள் பேச்சைக் கேட்கும்! பழக்கிய தசை அதே வேலையைக் குறைந்த மூச்சில் முடிக்கும். நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியின் சூட்சுமமே இதுதான்.

ஆஸ்பத்திரி தூரம், பஸ் ஏற முடியாது, கூட்டிப்போக ஆளில்லை. எல்லாம் நியாயம்தான். ஆனால் மெல்பர்னில் சிஓபிடி உள்ள 166 பேரிடம் நடத்தி, 2017-ல் வெளியான ஆய்வைக் கேளுங்கள். ஒரு பிரிவினர் மருத்துவமனைக்குப் போய்ப் பயின்றார்கள். இன்னொரு பிரிவினருக்கு பிசியோதெரபிஸ்ட் ஒரே ஒரு முறை வீட்டுக்கு வந்தார். பிறகு வாரம் ஒரு போன் மட்டும். எட்டு வாரம். மருத்துவமனைப் பிரிவில் பயிற்சியை முடித்தவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர். வீட்டுப் பிரிவில் 100-க்கு 91 பேர்! ஆறு நிமிட நடைச் சோதனையிலும் அவர்கள் சளைக்கவில்லை. கையில் இருந்த கருவிகள்? ஒரு நாற்காலி, தூக்குவதற்குத் தண்ணீர் பாட்டில். இன்று வீடியோ அழைப்பும் வந்துவிட்டது. வீட்டிலிருந்தே தொலைவழிப் பயிற்சி பெறும் வாய்ப்பை நோயாளிக்குக் கொடுங்கள் என்று அமெரிக்கத் தொராசிக் சங்கம் (American Thoracic Society) 2023-ல் பரிந்துரைத்தது.

உட்கார்ந்து எழும் பயிற்சிக்கு, உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். எழும்போது உதட்டைக் குவித்து மெல்ல மூச்சை விடுங்கள். உட்காரும்போது மூக்கால் இழுங்கள். கொஞ்சம் இரைக்கும். இரைக்க வேண்டும்! பேச முடிகிற அளவுக்கு இரைத்தால் பயப்படாதீர்கள். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்துங்கள். அங்கே வீரம் வேண்டாம்.

விறகடுப்பை ஊதி ஊதி ஊருக்கே சமைத்துப் போட்ட அம்மா, உங்களைத்தான் சொல்கிறேன். நுரையீரலைக் கெடுத்த அந்தப் புகையை நீங்கள் கேட்டு வாங்கவில்லை. பயிற்சியைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த முறை இன்ஹேலர் வாங்கப் போகும்போது, "எனக்கு என்ன பயிற்சி? போனில் யார் சொல்லிக் கொடுப்பார்கள்?" என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். பதில் வாங்காமல் வராதீர்கள்!