நகலா, நகர்வா?

2011இல் வந்த திங்க்பேட் எக்ஸ்220 மடிக்கணினியில் ஹார்டு டிஸ்க்கைக் கழற்ற ஒரே ஒரு திருகாணிதான். பக்கவாட்டு மூடியை எடுத்துவிட்டுப் பட்டையைப் பிடித்து இழுத்தால் டிஸ்க் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அடிப்பக்கம் திறந்தால் ராம். இரு கவ்விகளையும் நகத்தால் விலக்கினால் டக்கென்று சாய்ந்து எழும். 4 ஜிபி இருந்த இடத்தில் 16 ஜிபி, டிஸ்க் இருந்த இடத்தில் 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஸ்எஸ்டி. (தயாரித்தவர்கள் 8 ஜிபிதான் உச்சம் என்றார்கள். மெஷின் அதைப் பொருட்படுத்துவதில்லை.)

பழைய ஹார்டு டிஸ்க்கினுள் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டு ஒரு சுற்று முடிக்க 11 மில்லிசெகண்ட் எடுக்கும். கேட்ட தகவல் படிக்கும் முனைக்கு நேரே வரும்வரை கணினி காத்துக் கிடக்கும். எஸ்எஸ்டியில் சுழல எதுவுமே இல்லை.

சரி, வேகமாகிவிட்டது. ஆனால் இது அதே லேப்டாப்தானா?

கிரேக்க மன்னன் மிலிந்தனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் தேரை வைத்து இதைத்தான் கேட்டார். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எதுவுமில்லை, எல்லாம் கூடியிருப்பதற்கு வழங்கும் பெயரே தேர். விண்டோஸுக்கு இந்தத் தாராளம் கிடையாது. டிஸ்க், ராம் மாறினால் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. மதர்போர்டை மாற்றினால் உரிமம் செல்லாது என்று முறுக்கிக்கொள்ளும். ஆன்மா எங்கே இருக்கிறது என்ற பழைய வழக்கில் மைக்ரோசாஃப்ட் தீர்ப்பே எழுதிவிட்டது.

வைத்திருப்பவரைக் கேட்டால் வேறு பதில் வரும். அவருக்குக் கணினி என்பது குழந்தையின் போட்டோக்களும் பாதியில் நிற்கும் கடிதமும்தான். நினைவு தொடர்ந்தால் ஆளும் தொடர்கிறார் என்ற தத்துவவாதி ஜான் லாக் அவர் கட்சி. அந்த நினைவு இருப்பதோ டிஸ்க்கில். நாம் ‘நினைவகம்’ என்று பெயர் சூட்டிய ராம், மின்சாரம் போன நொடியே அத்தனையையும் மறந்துவிடும்.

சிக்கல் பழைய டிஸ்க்கை அப்படியே புதியதில் குளோன் எடுக்கும்போதுதான். நம் கோயில் திருப்பணியில் மூலவரின் சக்தியைக் கும்பத்தில் ஆவாகனம் செய்து பாலாலயத்தில் வைப்பார்கள். வேலை முடிந்து கும்பாபிஷேகத்தில் திரும்பச் சேர்ப்பார்கள். அதுவரை மூலவருக்கு வழக்கமான பூசை கிடையாது. அங்கே நடப்பது நகர்வு. குளோனில் நடப்பது நகல்: பழைய டிஸ்க்கிலிருந்து ஓர் எழுத்துகூடக் குறையாது. தீசியஸின் கப்பலில் ஒவ்வொரு பலகையாக மாற்றிவிட்டு, கழற்றிய பழைய பலகைகளைச் சேர்த்து இரண்டாவது கப்பல் கட்டினால் எது தீசியஸின் கப்பல் என்று 1655இல் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் கேட்ட கேள்வி மேசைமேலேயே வந்து நிற்கிறது.

விடை தேடிப் பழைய டிஸ்க்கை யுஎஸ்பி உறையில் போட்டு அதே கணினியில் செருகினால், பல சமயம் அது திரையில் தோன்றவே தோன்றாது. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே அடையாள எண் இருப்பதைப் பார்த்து, பின்னால் வந்ததை விண்டோஸ் ‘ஆஃப்லைன்’ ஆக்கி வைத்திருக்கும். வேறு எண் கொடுக்கச் சம்மதித்தால்தான் உள்ளே விடும்.